ஜூன் 31

ஒன்பது வீதம் என்றது கணினி.
குமாரசாமி வீதி அறையில் சாருஜா கைதட்டி,
"எடியே, நீ தப்பீட்டாய்" என்றாள்.
பரமேஸ்வராச் சந்திக்குப் போய்
இரண்டு ரோல்ஸ், ஒரு நெக்டோ.
என் மூன்றாம் அத்தியாயத்துக்குப்
பிறந்தநாள் மாதிரி இருந்தது.

பத்தி எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும்.
நூலகத்தின் மேல்தட்டில்
கரப்பான் அரித்த முதுகோடு, தட்டச்சில் அடித்த ஆய்வேடு:
வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று.
க. அருந்தவச்செல்வி, 1993.
எந்த இணையத்திலும் இல்லாதவள்.
எந்த மென்பொருளும் வாசிக்காதவள்.

ஆனாலும் பயத்தில் சொற்களை மாற்றினேன்.
'அதிகரித்தது' என்பதை 'உயர்ந்தது' ஆக்கினேன்.
தோட்டக்காரர் விவசாயிகள் ஆனார்கள்.
செய்வினையைச் செயப்பாட்டுவினையாய்க் கவிழ்த்தேன்,
களவெடுத்த லுமாலாவுக்கு
நீலம் பூசி, மணியை மாற்றி,
புது சீற் கவர் போட்டதுபோல.
ஓடும்போது சங்கிலி போடும் சத்தம்
அவளுடையதாகவே இருந்தது.
எனக்கு மட்டும் கேட்டது.

திங்கட்கிழமை அத்தியாயம் திரும்பி வந்தது.
முப்பத்தெட்டுப் பக்கத்தில்
ஓரிடத்தில் மட்டும் சிவப்புப் பென்சில்:
"ஜூனுக்கு எத்தனை நாள்?"

'ஈவினைக் கிணற்றிலிருந்து
1993 ஜூன் 31 அன்று பெறப்பட்ட நீரில்…'

வசனத்தை உடைத்தேன், திருப்பினேன், சாயம் பூசினேன்,
திகதியை அப்படியே விட்டிருக்கிறேன்.
எண்ணுக்கு ஒத்தசொல் இல்லை.
இல்லாத ஒரு நாளில்
நான் போகாத ஒரு கிணற்றில்
நான் அள்ளாத தண்ணீர்.
எனக்கென்று ஒரு பிழைகூட
அந்தப் பத்தியில் இல்லை.

மேல்தட்டுக்கு மறுபடி ஏறினேன்.
இம்முறை முதற்பக்கத்திலிருந்து.
நன்றியுரையே மூன்று பக்கம்.
அரைப் போத்தல் மண்ணெண்ணெய் தந்த சங்கக்கடை மனேச்சருக்கு.
சோடாப் போத்தல்களைக் கழுவித் தந்த பிள்ளைகளுக்கு.
புன்னாலைக்கட்டுவனில் ரியூப் ஒட்டித் தந்த,
பெயர் கேட்க மறந்த ஒருவருக்கு.
ஏற்கெனவே இரண்டு தரம் பாவித்த
காபன் தாள் ஒன்றைத் தந்த தட்டச்சாளருக்கு.

பாவித்த காபனுக்கே நன்றி எழுதியவள்.

சாருஜாவிடம் காட்டினேன்.
"ஜூலை ஒண்டெண்டு மாத்திவிடு, முடிஞ்சுது" என்றாள்.
கொஞ்ச நேரம் அதுவும் நியாயமாய்த்தான் பட்டது.

பிறகுதான் நாட்காட்டி.
ஜூனுக்கு முப்பத்தொன்று இல்லை.
ஆனிக்கு உண்டு.
ஒருவேளை தமிழில் நாளை எண்ணி
ஆங்கிலத்தில் மாதத்தை அடித்தாளோ.
ஒருவேளை பொம்மர் சுற்றிய அந்த மாதத்தில்
ஒரு நாள் கூடுதலாகத்தான் இருந்ததோ.
எனக்குத் தெரியாது.
தெரியாததைத் திருத்த எனக்கு உரித்தில்லை.

சனிக்கிழமை ஈவினைக்குப் போனேன்.
கிணறு இருந்தது. கப்பி இல்லை, மோட்டர்.
வெங்காயத்துக்கு இறைத்துக்கொண்டிருந்தவர்
"குடிக்கவோ, சோதிக்கவோ?" என்று கேட்டார்.
போத்தலில் எழுதினேன்: திகதி, நேரம், என் பெயர்.
திகதியை மூன்று தரம் பார்த்தேன்.
வந்த எண் அவளுடையதைவிடக் குறைவு.
ஏன் குறைவு என்று சொல்ல
வசனம் வரவில்லை.
இரவு முழுக்க இருந்து நாலு வரி,
நாலும் நொண்டி.

கடைசிப் பக்கத்தில் 'உசாத்துணை' என்று எழுதிவிட்டு
அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
உசாவ ஒரு துணை.
இத்தனை நாளும் அதைத்
தண்டனை என்றல்லோ நினைத்திருந்தேன்.

அருந்தவச்செல்வி, க. (1993), பக்கம் 41.
அவளுடைய வசனத்தை
அவளுடைய சொற்களிலேயே வைத்து
இரண்டு பக்கமும் மேற்கோள் குறி இட்டேன்.
தோட்டக்காரர் மறுபடி தோட்டக்காரர் ஆனார்கள்.
ஜூன் 31ஐத் தொடவில்லை.
பக்கத்தில் சின்னதாய்: மூலத்தில் உள்ளபடி.

கணினி இன்னமும்
ஒன்பது வீதம்தான் என்கிறது.